ஆசு நீக்கும் ஆசு

"ஆசு" என்னுஞ் சொல்லுக்குப் பொருள்கள் பல. குற்றம் என்பது ஒரு பொருள். பற்றாசு என்பது மற்றொரு பொருள். பொற்கொல்லர் இரண்டு பொற்றுண்டுகளை ஒன்றாக்கும்பொழுது இடையிலே இட்டு உருக்குகின்ற பொடி இருக்கின்றதே, அதுதான் பற்றாசு. விரிசலும் ஆசு, விரிசலைப் பொருத்துவதும் ஆசு. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வாய்த்திருக்கின்றது. யாப்பிலக்கணம் படிக்கின்ற மாணவருக்கு இதனைச் சொன்னால் முதலிலே சிரிப்பார்கள், பிறகு சிந்திப்பார்கள்.

சிந்திக்க வேண்டிய காரியந்தான். எந்த ஆசு மருந்தாகும், எந்த ஆசு மேலும் ஒரு நோயாகும் என்பதை அறியாமலே நாம் இன்று பழுது பார்க்கின்றோம், பழுது பார்ப்பிக்கின்றோம். அல்லது, அந்தத் தொல்லையே வேண்டாமென்று, உடைந்ததை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குகின்றோம். பழுது பார்த்தல் புதிதாகச் செய்தலிலும் தாழ்ந்த தொழில் என்ற எண்ணம் எங்களிடையே வேரூன்றி விட்டது. இந்த எண்ணம் பிழையானது. செம்மையாகப் பழுது பார்த்தல் பல வேளைகளிலே புதிதாய் ஆக்குதலிலும் அரியது என்பது என் கருத்து. இதற்குப் பெரிய சான்று ஒன்றும் தேடவேண்டியதில்லை. ஒரு மோதிரத்தின் ஒரு நகம் போதும்.

மோதிரத்துக்கு நகமா என்று கேட்கலாம். வயிரக் கல்லை மோதிரத்திலே இருத்தும் முறைகள் பல. பொன்னாலே கிண்ணம் போன்ற ஒரு குழி செய்து, கல்லை அதற்குள்ளே வைத்து, விளிம்பைக் கல்லின்மேல் தட்டி மூடுவது பழைய முறை. எங்கள் பாட்டிமாருடைய தோடுகளிலும் மூக்குத்திகளிலும் இதனைக் காணலாம். கல் பத்திரமாக இருக்கும். ஆனால் பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் வெளிச்சம் புகாது. வயிரத்தின் அழகெல்லாம் வெளிச்சத்தை வாங்கித் திருப்பி எறிவதிலேதான் இருக்கின்றது. ஆகவே கல்லை மேலே தூக்கி, நாலு அல்லது ஆறு மெல்லிய கம்பிகளாலே அதன் இடையைக் கவ்வி நிறுத்தும் முறை மேனாட்டிலே பரவியது. 1886ஆம் ஆண்டிலே நியூயோர்க்கிலுள்ள ரிஃபனி நிறுவனத்தார், ஆறு கம்பிகள் கல்லை வளையத்தின்மேல் உயர்த்திக் காட்டும் மோதிரத்தை அறிமுகஞ் செய்தார்கள். இன்று மணநிச்சய மோதிரம் என்றவுடன் பலருக்கும் கண்முன்னே தோன்றுகின்ற உருவம் அதுதான்.

அந்தக் கம்பிக்கு அமெரிக்கர் கவைமுள் என்று பொருள்படும் ஒரு சொல்லை வழங்குகின்றனர். ஆங்கிலேயர் விலங்கின் நகத்தைக் குறிக்குஞ் சொல்லை வழங்குகின்றனர், பிரெஞ்சுக்காரரும் அப்படியே. பிடித்த பிடியை விடாமையினாலே நகம் என்ற பெயர் நன்கு பொருந்துகின்றது. "உகிர்" என்றால் இன்னும் அழகாக இருக்கும். ஆனால், பண்டிதர் நகைக்கடைக்குப் போய் "உகிர் ஒடிந்தது" என்றாராம் என்று ஊர் சிரிக்கும். ஆகவே நகம் என்றே சொல்லுகின்றேன்.

இந்த நகத்தின் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். அதன் உட்புறத்திலே ஒரு சிறு வெட்டு உண்டு. கல்லின் இடைவிளிம்பு அந்த வெட்டிலே போய் அமரும். நகத்தின் நுனி மேலே வளைந்து கல்லைத் தொட்டு நிற்கும். அவ்வளவுதான். பசை இல்லை, ஆணி இல்லை. கல்லுக்கு இலட்சக்கணக்கிலே விலை சொல்வார்கள். நகத்துக்கென்று தனி விலை கிடையாது. மோதிரத்தைப் பார்ப்பவர்கள் கல்லைப் புகழ்வார்கள். நகத்தைப் புகழ்ந்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனால் நாலு நகத்திலே ஒன்று தன் கடமையை விட்டதாயின், அந்தக் கல் எந்த நேரத்திலும் தெருப் புழுதியிலே கிடக்கும்.

இனி, மோதிரத்தின் உலோகம். நான் இங்கே எடுத்துக்கொண்டது பிளாற்றின மோதிரம். பிளாற்றினத்தின் கதை சுவையானது. தென்னமெரிக்காவிலே, இன்றைய கொலம்பியாப் பகுதியிலே, ஆற்றுமணலிற் பொன் அரித்த ஸ்பானியர், பொன்னோடு கலந்து வந்த வெள்ளை மணிகளை உருக்க முடியாமல் அல்லற்பட்டனர். அவற்றுக்குச் "சிறு வெள்ளி" என்று பொருள்படும் பெயரை இளக்காரமாக இட்டனர். அந்தப் பெயரே இன்று உயர்ந்த உலோகத்தின் பெயராக நிலைத்துவிட்டது. 1748ஆம் ஆண்டிலே அந்தோனியோ தெ உல்லோவா என்னும் ஸ்பானியர் தமது பிரயாண நூலிலே இதைப்பற்றி எழுதியபின்னர் ஐரோப்பிய அறிஞருடைய கவனம் இதன்மேலே திரும்பிற்று. பொன் 1064 பாகை செல்சியசிலே உருகும். இரும்புக்கு 1538 பாகை வேண்டும். பிளாற்றினத்துக்கு 1768 பாகை வேண்டும். உமியோட்டு நெருப்பும் ஊதுகுழலும் இதன் அயலிலும் போகமாட்டா.

ஆயினும், ஸ்பானியர் அங்கே வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, இன்றைய எக்குவடோர், கொலம்பியா நாடுகளின் பசிபிக் கரையிலே வாழ்ந்த கம்மியர் இந்த உலோகத்தை வசப்படுத்தியிருந்தார்கள். பிளாற்றின மணிகளைப் பொற்பொடியோடு கலந்து சூடாக்கினார்கள். பொன் உருகி மணிகளைப் பற்றிக்கொண்டது. அதைத் தட்டினார்கள், மீண்டும் சூடாக்கினார்கள், மீண்டும் தட்டினார்கள். அவ்வாறு ஒன்றுபட்ட கலவையிலே நகை செய்தார்கள். பொன்னே அங்கே பற்றாசு. உருக்க முடியாததை உருக்காமலே வென்ற அந்தக் கம்மியருடைய பெயர் ஒன்றாவது எங்களுக்குத் தெரியாது. பட்டறையிலே இருந்தவனுடைய பெயரை உலகம் எப்பொழுதுதான் எழுதி வைத்தது?

ஒட்சிசனையும் ஐதரசனையும் கூட்டி எரிக்கும் சுவாலை கைவந்தபின்னர், 1900ஆம் ஆண்டை அடுத்த காலத்திலே பாரிசு நகரத்து நகைசெய்வோர் வயிரம் பதிப்பதற்குப் பிளாற்றினத்தை விரும்பி எடுத்தனர். அதற்கு முன்னர் வயிரத்தை வெள்ளியிலே பதித்தார்கள். வெள்ளி கறுக்கும். பொன்னிலே பதித்தால் அதன் மஞ்சள் கல்லிலே சாயும். பிளாற்றினமோ கறுக்காது, சாயல் காட்டாது, மெல்லியதாக இழுத்தாலும் தாங்கும். 1937ஆம் ஆண்டிலே ஆறாம் ஜோர்ஜ் மன்னர் முடிசூடியபொழுது அரசி எலிசபெத்துக்கென்று செய்யப்பட்ட முடி பிளாற்றினத்தாலானது. கோகினூர் வயிரம் அதிலேதான் இருக்கின்றது.

இந்த உலோகத்துக்கு ஒரு குணம் உண்டு. பொன் உராயும்பொழுது துகளாய் உதிரும். பிளாற்றினம் உராயும்பொழுது பெரும்பாலும் உதிராது, இடம்பெயர்ந்து ஒதுங்கும். அடிபட்டால் சடுதியில் ஒடியாது, வளையும். வளைந்தது தானாக நிமிர்ந்து பழைய நிலைக்கு வராது. ஒடிந்தால் உடையவருக்குத் தெரிந்துவிடும். சற்றே வளைந்து, வாய்திறந்து, சத்தமில்லாமல் நிற்கும் நகம் தெரியவராது. புடவையின் நூல் கொளுவும்பொழுதுதான் தெரியவரும்.

அப்படித் தெரியவந்த ஒரு கதையைச் சொல்லுகின்றேன்.

என்னிடம் படித்து இப்பொழுது வன்னியிலே ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண்பிள்ளையின் மோதிரம் அது. அவருடைய தமையன் இலண்டனிலே பல ஆண்டு இரவு வேலை செய்து, தங்கையின் கலியாணத்துக்கென்று வாங்கி அனுப்பியது. நாலு நகம், நடுவிலே ஒரு சிறு வயிரம். கலியாணமாகி இரண்டாண்டிலே தமையன் அங்கேயே காலமாகிவிட்டார். மோதிரம் இருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்து மேசை லாச்சியிலே கை கொளுவி, ஒரு நகம் நிமிர்ந்துவிட்டது. அதன் நுனியும் சிதைந்துவிட்டது.

முதலிலே போன கடையிலே, "இதைத் திருத்துறது வீண் செலவு, அக்கா. இதைத் தந்திட்டுப் புதுசு ஒண்டு எடுங்கோ" என்றார்கள். கடைக்காரர் பொல்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது நட்டமில்லாத வழியாகவும் இருக்கலாம். ஆனால் அவருடைய தராசிலே பிளாற்றினத்துக்கு நிறை உண்டு. தமையனுக்கு நிறை இல்லை.

இரண்டாவதாகப் போன கடையிலே, "இருங்கோ, அரைமணித்தியாலத்திலை தாறம்" என்றார்கள். சொன்னபடியே கொடுத்தார்கள். கூலியும் சொற்பம். நகம் புதிதுபோலப் பளபளத்தது. மூன்று மாதத்திலே நுனி மஞ்சளித்தது. காதோடு வைத்து ஆட்டினால் கல் அசையுஞ் சத்தம் கேட்டது.

அதன்பிறகுதான் அவர் என்னிடம் வந்தார். கன்னாதிட்டிப் பக்கத்திலே ஒரு சிறு பட்டறை வைத்திருக்கும் முதிய பத்தர் ஒருவர் எனக்கு நெடுநாட் பழக்கம். அவரிடம் கூட்டிச் சென்றேன். பூதக்கண்ணாடியைக் கண்ணிலே வைத்து நெடுநேரம் பார்த்தார். மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வாத்தியார் ஐயா, இது என்ரை நெருப்புக்கு அடங்காத சாமான். கரியிலை வைச்சு ஊதினால் கெட்டுப்போகும். முந்திச் செய்தவர் பவுண்பொடி வைச்சு ஒட்டியிருக்கிறார். அதை அரத்தாலை முழுக்க எடுத்துப்போட்டுத்தான் இனி ஆரும் கை வைக்கவேணும். கொழும்பிலை இலேசர் மிசின் வைச்சிருக்கிற இடத்திலை குடுங்கோ. பிள்ளை, அதுமட்டும் இதைப் போடாதை அம்மா. கழட்டிப் பெட்டியிலை வை."

கூலி என்ன என்று கேட்டேன். "நான் ஒண்டும் செய்யேல்லையே, ஐயா" என்றார்.

இந்த மூன்று விடைகளையும் நேயர்கள் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். முதல்வர் பழுது பார்க்கவே மறுத்தார். இரண்டாமவர் ஆராயாமலே பழுது பார்த்தார். மூன்றாமவர் ஆராய்ந்தார், தம்மால் இயலாது என்று கண்டார், இயலும் இடத்தைக் காட்டினார். ஒன்றுஞ் செய்யவில்லை என்று அவர் சொன்னது தன்னடக்கம். உண்மையிலே அந்த மோதிரத்துக்கு முதன்முதலாக ஏதேனும் செய்தவர் அவர் ஒருவரே.

இரண்டாமவர் செய்ததிலே என்ன பிழை என்று கேட்கலாம். ஒட்டியது ஒட்டிக்கொண்டதுதானே? ஒட்டிக்கொண்டது உண்மை. வெள்ளைத் தங்கப் பொடி பிளாற்றினத்தைக் காட்டிலும் மிகக் குறைந்த சூட்டிலே உருகி, அதன்மேலே இலகுவாக ஓடும். அதனாலேதான் அவசரக்காரர் அதை நாடுகின்றனர். வெள்ளைத் தங்கம் என்பது மஞ்சட் பொன்னோடு வேறு உலோகங்களைக் கூட்டி நிறத்தை வெளுப்பித்தது. மேலே றோடிய முலாம் பூசியபின்னரே அது வெள்ளை வெளேரென்று காட்டும். முலாம் தேய்ந்தால் அதன் சொந்த நிறம் வெளிப்படும். இது முதலாவது கேடு, கண்ணுக்குத் தெரிவது.

இரண்டாவது கேடு உறுதியைப் பற்றியது. நுனி ஓர் உலோகம், அடி வேறோர் உலோகம் என்றானால் இரண்டும் ஒரே கதியிலே தேயமாட்டா. வலுக்குறைந்த இடம் எங்கே வேண்டாமோ அங்கேயே, கல்லைத் தொடுகின்ற நுனியிலேயே, வந்து அமர்ந்துவிடும்.

மூன்றாவது கேடே மிகப் பெரியது. பின்னொரு நாள் நல்ல கைவினைஞர் ஒருவர் அதைப் பிளாற்றினத்தாலேயே திருத்த முயன்று, அதற்குரிய சூட்டைக் கொடுப்பாராயின், முந்தி வைத்த பொன் முந்தி உருகிப் பிளாற்றினத்துக்குள்ளே ஊறும். உலோகம் குழிவிழுந்து கெடும். கள்ள மருந்து நோயைத் தீர்க்காததோடு நல்ல மருந்துக்கும் வழியை அடைத்துவிடுகின்றது. அதனாலேதான் பத்தர், அதை முழுக்க அரத்தால் எடுக்கவேண்டும் என்றார்.

கரியைப்பற்றி அவர் சொன்னதும் மெய்யே. பொன்வேலைக்குக் கரி நல்ல துணை. பிளாற்றினமோ பெருஞ்சூட்டிலே கரியோடு சேர்ந்தால் அதன் மாசை ஏற்று நொய்ந்து போகும். ஆகவே பிளாற்றின வேலைசெய்வோர் கரிக்குப் பதிலாகச் சூடு தாங்கும் வெண்களிமண் கட்டியை வைப்பர். காற்று நிறைந்த சுவாலையைப் பாய்ச்சுவர். கண்ணைப் பறிக்கும் ஒளிக்குக் கறுப்புக் கண்ணாடி அணிவர். பொன்னுக்கு வேண்டிய வெண்காரம் இதற்கு வேண்டியதில்லை. சுட்டாலும் இது கறுப்பதில்லை. ஓர் உலோகத்துக்கு உதவுவது மற்றோர் உலோகத்துக்குப் பகையாகின்றது. பொருளின் இயல்பை அறியாத கைத்திறன் கண்ணில்லாதவன் கைவாள்.

அப்படியானால் செம்மையான முறை யாது? நகம் சற்றே வளைந்து மாத்திரம் இருந்தால், மெல்ல அழுத்திப் பழைய இடத்திலே இருத்தலாம். ஆனால் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் எந்த உலோகமும் விறைத்து விரிசல் காணும். நுனி தேய்ந்திருந்தால் அதே உலோகத்தாலே நுனியைக் கட்டி எழுப்பவேண்டும். அடியோடு ஒடிந்திருந்தால் எஞ்சியதை வெட்டி எடுத்துப் புதிய நகம் ஒன்றை நாட்டவேண்டும். எல்லா நகமும் தேய்ந்திருந்தால் கல்லைத் தாங்கும் தலைப்பகுதி முழுவதையும் மாற்றுவதே முறை. ஒரு நகம் பழுதாயிற்றென்று கொண்டுவந்தால், மற்ற மூன்றையும் பாராமல் விடுபவர் பாதிவேலை செய்தவரே. நாலும் ஒரே நாளிலே பிறந்து ஒரே கையிலே தேய்ந்தவை அல்லவா?

நெருப்பினாலே செய்வதானால் பெரும்பாலும் கல்லை முதலிலே கழற்றவேண்டும். வயிரம் மிகக் கடினமானது. ஆனால் அது கரியின் இனம். காற்றிலே எழுநூறு எண்ணூறு பாகைக்கு மேலே சுட்டால் அதன் மேற்பரப்பு எரிந்து, வெண்மூட்டம் கவிந்ததுபோல மங்கும். உள்ளே இருந்த வெடிப்பைக் கண்ணாடிக் குழம்பாலே நிரப்பிய கற்களும் விற்பனையிலே உண்டு; அவற்றுக்கு மிகக் குறைந்த சூடே போதும், நிரப்பியது கெட்டுவிடும். இலேசர் யந்திரத்தின் சிறப்பு இங்கேதான் விளங்கும். கண்ணிமைப்பதிலும் மிகக் குறைந்த நேரத்திலே, மில்லிமீற்றரிலும் சிறிய ஒரு புள்ளியிலே, கதிர் பாய்ந்து உலோகத்தை உருக்கும். பொன்னைப்போலப் பிளாற்றினம் சூட்டை விரைந்து கடத்துவதில்லை. ஆகவே சூடு பாய்ந்த இடத்திலேயே நிற்கும். கம்மியர் மோதிரத்தை விரலாலே பிடித்துக்கொண்டே, கதிர் கல்லைத் தீண்டாதபடி பார்த்து, மயிரிழை போன்ற பிளாற்றினக் கம்பியைத் துளித்துளியாக உருக்கிச் சேர்ப்பார். பிளாற்றினத்துக்குப் பிளாற்றினமே ஆசு. மோதிரத்தின் உட்புறத்திலே 950 என்று பொறித்திருப்பார்கள்; ஆயிரம் பங்கிலே 950 பங்கு பிளாற்றினம் என்பது அதன் பொருள். இவ்வாறு திருத்தினால் முத்திரை சொல்வதை நுனியும் சொல்லும்.

இங்கே ஓர் ஐயம் எழும். கல்லைக் கழற்றிக் கொடுத்தால் அதே கல் திரும்பி வருமா? தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று ஒரு பழமொழியை எங்கள் சமூகம் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றது. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் ஒருவன் செய்த வஞ்சனைக்கு, அந்தத் தொழிலைச் செய்த அத்தனை தலைமுறையும் பழி சுமந்தது. இது நியாயமன்று. ஐயத்துக்கு மருந்து பழமொழியன்று; வெளிப்படையான நடைமுறை. அந்தச் சிலப்பதிகாரமே வழியையும் காட்டுகின்றது. மதுரை இரத்தினக் கடைவீதியைச் சொல்லுமிடத்து, வயிரத்துக்குரிய குற்றங்களைக் காகபாதம், களங்கம், விந்து என்று பெயர் சொல்லி எண்ணுகின்றார் இளங்கோவடிகள். இற்றைக் கல்லாய்வாளரும் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியிலே பார்த்து இவற்றையே குறிக்கின்றனர். ஒரு கல்லின் குற்றம் மற்றொரு கல்லுக்கு வாய்ப்பதில்லை. ஆகவே மோதிரத்தைக் கையளிக்கும்பொழுதே உடையவரும் கம்மியரும் அருகிருந்து பார்த்து, நிறையையும் குற்றங்களையும் சிட்டையிலே எழுதிக்கொள்ளவேண்டும். ஆய்வுகூடச் சான்றிதழ் உள்ள கற்கள் சிலவற்றின் இடைவிளிம்பிலே நுண்ணிய இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். கல்லுக்கு அதன் ஆசே அடையாளம். குற்றமும் இவ்வாறு ஒரு பயன் செய்கின்றது.

இப்பொழுது என் தொழிலுக்கு வருகின்றேன். வெண்பாவிலே ஆசிடை நேரிசை வெண்பா என்று ஒருவகை உண்டு. முதற் குறட்பாவோடு தனிச்சொல் இசையாது விட்டிசைக்குமாயின், இடையிலே ஒன்றோ இரண்டோ அசை கூட்டி இசைவிப்பர். அவ்வாறு கூட்டும் அசைக்கு ஆசு என்று பெயர். உலோகத்தைப் பொருத்தும் பற்றாசு போல்வதாலே அப்பெயர் என்று உரைகாரர் விளக்குவர். வெண்பாவின் இடைவெளியை வெண்பாவிற்கு ஒவ்வாத ஓசையாலே அடைப்பதில்லை, அசையினாலேயே அடைக்கின்றனர். அதுவும் ஒன்று அல்லது இரண்டு. வேண்டிய அளவுக்கு மேலே இல்லை. பழுது பார்த்தலின் விதிகள் இரண்டும் இதிலே அடங்கிவிட்டன. இனத்தால் ஒத்ததை இடு. அளவால் மிகையாமல் இடு.

மூன்றாவது விதி ஒன்று உண்டு. அதனை ஏடு பதிப்பித்தவர்களிடம் கற்கலாம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்தபொழுதும், உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1894ஆம் ஆண்டிலே புறநானூற்றைப் பதிப்பித்தபொழுதும், அவர்களுடைய கையிலே கிடைத்தவை செல்லரித்தும் முறிந்தும் போன ஓலைகள். புலமை நிரம்பிய ஒருவருக்கு விடுபட்ட சீரைத் தாமே கட்டி நுழைத்துவிடுவது அரைமணிநேர வேலை. பாட்டுப் பளபளக்கும், வாசிப்பவருக்குத் தெரியவும் வராது. ஐயரவர்கள் அப்படிச் செய்யவில்லை. எழுத்துச் சிதைந்த இடத்திலே புள்ளிகளை இட்டு விட்டுவைத்தார்கள். அந்தப் புள்ளிகள், "இது என்ரை நெருப்புக்கு அடங்காத சாமான்" என்ற வாசகத்தின் அச்சுவடிவம். பின்னர் வேறு ஏடு கிடைத்தால் உண்மைச் சொல் வந்து அமர்வதற்கு அவை இடம்விட்டு நிற்கின்றன. தெரியாத இடத்திலே வெள்ளைத் தங்கம் வைத்து ஊதாமை மூன்றாவது விதி.

எல்லாவற்றையும் எப்படியாவது பழுது பார்த்தே தீரவேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. கூலி பொருளின் விலையை மிஞ்சும் வேளைகள் உண்டு. நினைவொன்றும் ஒட்டியிராத ஒரு மலிவு மோதிரத்துக்குக் கொழும்புப் பிரயாணம் வேண்டியதில்லை. எறியவேண்டியதை எறி என்று சொல்வதும் நல்ல கம்மியரின் கடமையே. ஆனால் அதைச் சொல்வதற்கும் முதலிலே பூதக்கண்ணாடியைக் கண்ணிலே வைத்துப் பார்க்கவேண்டும். பாராமலே "புதுசு எடுங்கோ" என்பது ஆலோசனையாகாது, வியாபாரம்.

மோதிரம் அணிவோரும் சிறிது கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது கல்லைக் கம்மியரிடம் காட்டுவது நல்லது. வீட்டிலே, மெல்லிய பட்டுத்துணியை நகங்களின்மேல் இழுத்துப் பாருங்கள். நூல் கொளுவினால் ஏதோ ஒரு நகம் நிமிர்ந்திருக்கின்றது. காதோடு வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் கழற்றி வையுங்கள். திருத்தக் கொடுக்கும்பொழுது, "எதனால் ஒட்டப் போகிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நேரான விடை சொல்லாத இடத்திலே கொடுக்க வேண்டாம்.

அந்த மோதிரம் கொழும்பிலே திருத்தப்பட்டது. முந்திய பொன்னை முழுவதும் எடுத்து, நுனியைப் பிளாற்றினத்தாலேயே கட்டினார்கள். மற்ற நகங்களிலே ஒன்று தேய்ந்திருந்ததைக் கண்டு அதையும் சீர்செய்தார்கள். என்ன செய்தோம் என்று சிட்டையிலே எழுதியும் கொடுத்தார்கள். கூலி இரண்டாவது கடைக்காரர் வாங்கியதைப்போலப் பல மடங்கு. ஆசிரியை முணுமுணுக்காமலே கொடுத்தார்.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. மோதிரத்தைக் கெடுத்தவருக்குக் கூலி கிடைத்தது. திருத்தியவருக்குக் கூலி கிடைத்தது. கெட்டதைக் கண்டு, திருத்தும் வழியைச் சொன்ன முதியவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. செய்த வேலைக்குத்தான் நாம் காசு கொடுப்போம். செய்யாமல் விட்ட நேர்மைக்கும், பார்த்துச் சொன்ன அறிவுக்கும் எங்களிடம் விலைப்பட்டியல் இல்லை. அவருடைய பிள்ளைகள் ஒருவராவது இன்று அந்தப் பட்டறையிலே இல்லை. அரைமணித்தியாலத்திலே பளபளக்கச் செய்பவனுக்கே கூலி என்ற உலகிலே, "என்னால் இயலாது" என்று சொல்லப் பழகிய தகப்பனின் தொழிலை எந்தப் பிள்ளை எடுக்கும்?

வைத்தியருக்குப் பார்வைக்கூலி கொடுக்கின்றோம். மருந்து வேண்டாம் என்று அவர் சொன்னாலும் கொடுக்கின்றோம். பத்தருக்கும், மணிக்கூடு திருத்துபவருக்கும், தச்சருக்கும், மேசனுக்கும் அவ்வாறே பார்வைக்கூலி கொடுக்கும் வழக்கத்தை ஏன் உண்டாக்கக் கூடாது? தொழினுட்பக் கல்லூரிகளிலே செய்முறையைக் கற்பிக்கின்றார்கள்; பழுது பார்க்கும் முறையையும், பழுது பார்க்காமல் விடவேண்டிய இடத்தை அறியும் முறையையும் அதே மதிப்போடு ஏன் கற்பிக்கக் கூடாது? மாணவனுடைய கட்டுரையிலே சிவப்பு மையாலே எங்கள் வசனத்தைத் திணித்து அவன் வசனத்தை அழித்துவிடுகின்ற ஆசிரியர்களாகிய நாங்களும் இந்த வகுப்பிலே முன்வாங்கிலே இருந்து கற்கவேண்டியவர்களே.

அடுத்த முறை கன்னாதிட்டிப் பக்கம் போகும்பொழுது, அந்தப் பட்டறையிலே வெற்றிலையோடு ஒரு பார்வைக்கூலியையும் வைத்து வருவதாக அந்த ஆசிரியை சொல்லியிருக்கின்றார். பத்தர் வாங்க மறுப்பார். மறுத்தாலும் வைத்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கின்றேன்.